நுரைச்சோலையிலிருந்து வரும் வெளிச்சம்

இந்நேரம் உங்கள் குசினியில் மின்கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு, புத்தளம் நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி தந்தது.

நம் யாழ்ப்பாணத்து மண்ணுக்கடியில் அந்த நிலக்கரி இல்லை. சதுப்புக் காடுகள் புதையுண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகினால்தான் நிலக்கரி. நம் காலடியில் கிடப்பதோ கடலடியில் படிந்து உருவான சுண்ணக்கல். இலங்கை முழுவதற்கும் நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. கப்பல் கரைக்கு வராது. சற்றுத் தொலைவில் கடலில் நங்கூரமிட்டு நிற்க, தட்டைப் படகுகள் கரியை ஏற்றிவரும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே அந்த மாதங்களுக்கான கரியை முன்கூட்டியே மலைபோல் குவித்து வைக்கிறார்கள். பிறகு மாவாக அரைத்து, கொதிகலனுக்குள் ஊதி எரிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் உருவாகும் நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது.

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, எண்ணெய் இயந்திரங்களை நம்பிக் கிடந்த யாழ் குடாநாட்டுக்கு இன்று கிடைக்கும் மின்சாரம் பெரிய ஆறுதல். ஆனால் நுரைச்சோலைச் சுற்றாடலில் வாழ்பவர்கள் கரித்தூசியையும் சாம்பலையும் சுவாசிக்கிறார்கள். அந்த விலையை நாம் மறக்கக்கூடாது.

திருகோணமலைச் சம்பூரில் திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையப் பணி 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. ஆனால் மின்தேவை உச்சத்தில் இருப்பது பொழுதுபட்ட பிறகு. அந்நேரத்தில் தேவையற்ற விளக்குகளை இன்றே அணைத்துவிடுங்கள்.