"வெறும் புல்லுதானே?": அல்ஃபால்ஃபாவும் முளைப்பயறும்

(கெடா, பாடாங் செராய் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. 'அல்ஃபால்ஃபா' என்ற சொல் முதன்முதலில் என்னிடம் வந்தபோது அகராதியைப் புரட்டினேன். 'குதிரை மசால்' என்று இருந்தது. தமிழ்நாட்டில் ஆடுமாடுகளுக்குப் போடும் பசுந்தீவனம் அது. சில வாரங்கள் கழித்து அதே செடியை என் பெரியம்மா வீட்டு மேசையில் மாத்திரைப் புட்டியாகப் பார்த்தேன்.

பெரியம்மா கூலிம் பக்கத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்து வருகிறார். தெரிந்தவர் ஒருவர் வீடு தேடி வந்து, "சக்கரைக்கும் கொழுப்புக்கும் நல்லது" என்று அந்தப் புட்டியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நான் கேட்டதற்குப் பெரியம்மா சொன்னது: "இது மருந்தே இல்லம்மா. வெறும் புல்லுதானே, என்ன பண்ணிடப் போகுது?"

அடுத்த இரத்தப் பரிசோதனையில், வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும் ஐ.என்.ஆர். அளவு 1.4க்கு இறங்கியிருந்தது. இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று மருந்தாளர் மூன்றாம் முறை கேட்டபோதுதான் புட்டி பையிலிருந்து வெளியே வந்தது. நல்லவேளை, பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் என்ன? அல்ஃபால்ஃபா இலையில் வைட்டமின் கே நிறைய உண்டு. இரத்தம் உறைய உதவும் சத்து அது. வார்ஃபரின் அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்து. ஒன்று கூடினால் மற்றதன் வேலை குறையும். இதற்காகக் கீரையையே ஒதுக்கிவிடாதீர்கள். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். காய்ந்த இலையை அரைத்துச் செறிவாக்கிய மாத்திரையைத் திடீரென்று தொடங்குவதுதான் சிக்கல்.

சரி, அல்ஃபால்ஃபாவில் நன்மையே இல்லையா? இருக்கிறது. இது அவரைக் குடும்பத்துச் செடி. நம் தோட்டங்களில் ரப்பர் கன்றுகளுக்கு இடையே மண்ணை மூடிப் படர விடும் கொடிகளின் உறவு. சூப்பர்மார்க்கெட்டில் சிறு பெட்டியில் விற்கும் அதன் முளையில், 100 கிராமுக்குச் சுமார் 23 கலோரியும் 4 கிராம் புரதமும் உண்டு. ஆனால் ஒரு கப் முளையின் எடை 33 கிராம்தான். அதில் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. தட்டில் ஒரு காய்கறியாக அது நல்லது. அதைத் தாண்டி அதில் அதிசயம் எதுவும் இல்லை.

கொழுப்பைக் குறைக்குமா? சில நோயாளிகளைக் கொண்டு செய்த ஒரு சிறிய ஆய்வில் கெட்ட கொழுப்பு குறைந்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது பக்குவப்படுத்திய விதை, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 40 கிராம். இரண்டு மாத்திரையில் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நீரிழிவைப் பொறுத்தவரை எலிகளிடம் கண்ட பலன் உண்டு. மனிதர்கள் தங்கள் மருந்தை விட்டுவிட்டு இதை நம்பும் அளவுக்குச் சான்று இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர். வீடு தேடி வரும் விற்பனையாளருக்கும் இது தெரியும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அல்ஃபால்ஃபா விதையிலும் முளையிலும் கனவானின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு அது நோயைத் தூண்டக்கூடும். அவர்கள் முளை, மாத்திரை இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, பச்சை முளை. விதை முளைக்க ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். கிருமி பெருகவும் அவையே போதும். 1996இல் ஜப்பானின் சக்காய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஈ-கோலி கிருமியால் நோயுற்றார்கள். முள்ளங்கி முளைமீதுதான் சந்தேகம் விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே காரணமாகக் கண்டறியப்பட்டது நம் வீட்டு வெந்தயத்தின் முளை. கிருமி விதையின் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும். கழுவினால் முழுமையாகப் போகாது. நன்றாக ஆவி பறக்கச் சமைத்தால்தான் சாகும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எந்த முளையையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். தௌகேயும் இதில் அடக்கம்.

சத்துக்காக விலை உயர்ந்த புட்டியைத் தேட வேண்டியதில்லை. சுங்கை பட்டாணி சந்தையில் வாங்கும் பச்சைப்பயறு போதும். முளைக்கும்போது, காய்ந்த பயற்றில் மிகக் குறைவாக உள்ள வைட்டமின் சி கூடுகிறது. இரும்புச் சத்தை உடல் ஏற்பதும் எளிதாகிறது. வீட்டில் இப்படிச் செய்யுங்கள்:

• சமையலுக்கு விற்கும் பயற்றை மட்டும் வாங்குங்கள். விதைப்புக்கு விற்பதில் மருந்து தடவியிருக்கலாம்.
• கையையும் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பயற்றை 8 மணி நேரம் ஊற வையுங்கள்.
• நீரை வடித்துச் சுத்தமான துணியில் கட்டுங்கள். கொதித்து ஆறிய நீரால் நாளுக்கு இருமுறை அலசுங்கள். ஓரிரு நாளில் முளைவிடும்.
• வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.
• முளைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் வேகவைத்துச் சுண்டலாகவோ பொரியலாகவோ சாப்பிடுங்கள். தேங்காய்ப் பூவை அள்ளிப் போடாமல் தூவுங்கள்.

மீதியைத் தட்டில் பார்த்துக்கொள்ளலாம்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். அதுதான்.

யாராவது மாத்திரை விற்க வந்தால், 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும், அது நோயைக் குணமாக்கும் என்று பொருள் கொள்ளாதீர்கள். நீங்கள் எடுக்கும் மருந்தோடு அது ஒத்துப்போகுமா என்பதை மருந்தாளரிடம்தான் கேட்க வேண்டும். கிளினிக் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவை மாற்றவும் வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, பொடி, சத்து மாத்திரை, எல்லாவற்றையும். திட்டுவார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். என் பெரியம்மாவை யாரும் திட்டவில்லை. புட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். இப்போது அவர் முன்கூட்டியே பையைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்.