கிணற்றுக்கு ஒரு சுற்றுச்சுவர்

(முன்னாள் மாணவர் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சீக்கிரம் முடிச்சிடுப்பா, சாப்பாடு ஆறிடும்" என்று காதில் சொல்லித்தான் செயலாளர் அண்ணன் என்னை மேடை ஏற்றியிருக்கிறார். விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன? ஆனாலும் சுருக்கமாகவே பேசுகிறேன்.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமக் குடிநீர்த் திட்டத்தில் எனக்குத் தள மேற்பார்வை. மேல்நிலைத் தொட்டி, பிரதானக் குழாய், தெருவுக்கு ஒரு குழாயடி. கணக்கில் பிசகு இல்லை. கசிவுச் சோதனையெல்லாம் முடித்து, "பணி நிறைவு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். பார்த்தால், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய கிணற்றுக்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"குழாயில தண்ணி பதினோரு மணிக்குத்தான் விடுறாங்க தம்பி. நாங்க ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடுவோம். பதினோரு மணிக்கு வீட்டுல யாரு இருக்கா, தண்ணி பிடிச்சு வைக்க?" என்றார்.

அந்த ஊரில் நான் நாலு மாதம் வேலை பார்த்தேன். ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. மாலை ஆறு மணிக்கு ஜீப் வந்துவிடும். தங்கியிருந்தால், விடியற்காலையில் யார் எங்கே போகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும், இல்லையா?

அதன் பிறகுதான் கொல்லிமலையில் தங்கி வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கொல்லிமலை நம்மில் பலருக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளாலும், ஆகாயகங்கை அருவியாலும்தான் தெரியும். இந்த ரோடெல்லாம் பிற்காலத்தில் வந்தது. அந்தக் காலத்தில் மேலே போக வேண்டுமானால் நடை, இல்லையென்றால் டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ராத்தங்கவே யோசிப்பார்கள். அங்கே போய்க் குடியேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதிகள்.

ஜெஸ்ஸி 1907-இல் இந்தியா வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவப் பட்டம் கிடையாது. வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு படித்ததுதான் மூலதனம். எவலின் லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பெண், ஓவியம் வரைபவர். 1913-இல் கல்யாணம் முடித்து, வாழவந்தியில் மரத்தாலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். கறையான் ஏறாமலிருக்க, வீட்டைத் தாங்கும் கால்களின் தலையில் உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வீடு. சிவில் பிரிவுத் தம்பிகள் கவனிக்க!

மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். பழமரம், பட்டுப்புழு என்று மலைமக்கள் நாலு காசு பார்க்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் முயன்றார்கள். ஆனால் எனக்கு இவையெல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, ஜெஸ்ஸி கிணறுகளைச் சுற்றி எழுப்பச் செய்த சுவர்தான்.

மலையில் அப்போது நரம்புச் சிலந்தி நோய் மிகுதி. இளைய தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் போனது நல்லது. உடம்புக்குள் நூல் போன்ற ஒரு புழு சுமார் ஓராண்டு வளரும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். பிறகு காலில் கொப்புளம் கிளப்பி, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நெருப்பு வைத்ததுபோல் எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். உடனே புழு தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் அந்தத் தண்ணீரில் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நீர்ப்பூச்சிகள் அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த ஆண்டு நோய்.

புழுவைச் சட்டென்று இழுத்தால் அறுந்து, கால் சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். இதைக் கொல்லும் மருந்தோ தடுப்பூசியோ இன்றைக்கும் கிடையாது. ஜெஸ்ஸி திண்ணையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்கக் குச்சி சுற்றிக்கொண்டே இருந்திருக்கலாம், அதுவும் புண்ணியம்தான். ஆனால் அவர் கண் கிணற்றுக்குப் போனது. ஜனங்கள் தண்ணீருக்குள் இறங்கி மொண்டார்கள். புழு இருக்கும் கால் எதுவோ, அந்தக் கால்தான் குடிதண்ணீரிலும் நின்றது. காலையும் தண்ணீரையும் பிரித்துவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துபோகும். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பு, உள்ளே இறங்காதே, மேலே நின்று கயிறு போட்டு இறை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி. அவ்வளவுதான் வைத்தியம்.

இந்தியா பின்னாளில் நாடு முழுக்கச் செய்ததும் இதேதான். படிக்கிணறுகளை மாற்றியமைத்தார்கள், வடிகட்டத் துணி கொடுத்தார்கள், கைப்பம்பு போட்டார்கள். 1996-இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு இந்த நோய் ஒழிந்த நாடு என்று சான்று கொடுத்தது. ஊசியால் அல்ல நண்பர்களே, கொத்தனார் கரண்டியாலும் ஒரு முழத் துணியாலும்!

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல மதத்தவர் கூடியிருக்கும் சபை இது. அவர்கள் வந்தது தங்கள் மதத்தைச் சொல்ல. அதை அவர்கள் மறைத்ததில்லை, நானும் மறைக்கப்போவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூட அவர்கள் பக்கம் சேரவில்லை. அதற்காக மருந்துப் பெட்டியை மூடவும் இல்லை. 1918-இல் விஷக் காய்ச்சல் மலைக்கு வந்தபோது, பானை பானையாகக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர், தாம் சாகும் தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். பேச்சுக்கு மசியாத மனசு கஞ்சிக்கு மசிந்தது. அந்தக் கஞ்சிக்கு மதம் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, குடும்பம் என்றேனே, பிள்ளைகள்? மூத்தவன் பால், 1914-இல் பிறந்தவன். அடுத்து கோனி என்ற பெண். மலையில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்தார்கள். பையன் மரத்தின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, கயிற்றில் கட்டி அம்மாவுக்கு இறக்குவானாம். எத்தனை அழகான பிள்ளைப் பருவம்!

ஆனால் அது ஒன்பது வயதோடு முடிந்தது. 1923-இல் படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்தில் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்பாவை அந்தப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவே இல்லை. கடிதம் மட்டும்தான். 1929-இல், 44 வயதில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் கப்பல் தபால் மெதுவாகத்தானே வரும்? அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதிய கடிதம் மகனுக்கு வந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் குழந்தை இருக்கிறது. ஊரார் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளையை விட்டுப் பிரிந்தது சரியா? எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இதைத் தியாகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். கைதட்டுகிறவர்கள் யாரும் அந்த விலையைக் கொடுக்கவில்லை. பாதி விலையைக் கொடுத்தது அந்தச் சிறுவன். அவனை யாரும் கேட்டுக் கொடுக்க வைக்கவில்லை.

அந்தச் சிறுவன் என்ன ஆனான்? அப்பாவின் திண்ணையில் சீழும் ரத்தமும் பார்த்து வளர்ந்ததால் "டாக்டர் வேலை மட்டும் வேண்டாம்" என்று கட்டட வேலை கற்கப் போனான். தச்சு, கொத்து என்று ஐந்து வருஷம். பிறகு மனசு மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். கூடப் படித்த மார்கரெட்டை மணந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட்.

அவருடைய சிறுவயதில் மலைவீட்டுக்குத் தொழுநோயாளிகள் சிலர் வந்தார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பு. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்து, "அழுத்துங்கள்" என்றார். அவர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கே வலித்தது! விரல் நிமிராத அந்தக் கைக்குள் இவ்வளவு பலமா? அப்படியானால் எல்லாத் தசையும் சாகவில்லை. நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலில் இணைத்தால்? கயிறும் கப்பியும் படித்த நமக்கு இது உடனே புரியும். தச்சுக் கை அறுவைக் கத்தியைப் பிடித்தது, மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். விரல் சரியான சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது பிச்சையும் இல்லை, நோய்க்குப் பயந்து வேலை தருவாரும் இல்லை. அறுவை வெற்றி, ஆள் பட்டினி. என் குடிநீர்த் திட்டம்போலவே, பாருங்கள்! ஆனால் அவர் "பணி நிறைவு" என்று கையெழுத்துப் போடவில்லை. 1951-இல் வேலூரில் "நவஜீவ நிலையம்" என்று குடிசைகள் கொண்ட ஒரு சிறு குடியிருப்பு தொடங்கினார். அப்பாவைப் போலவே தச்சுப் பட்டறை போட்டு, நிமிர்ந்த கைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்.

கூடவே இருந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டு, வெட்டிக்கொண்டு, தூக்கத்தில் எலி கடித்தும் தெரியாமல் அவர்கள் இழந்தவை அவை. எலிக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். பாதப் புண்ணுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வந்தது. பாரம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரவினால் புண் வராது. அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு, முதலாண்டுப் பாடம்தான். இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் செருப்பிலும் அந்த ரப்பர்தான்.

மார்கரெட்டும் சும்மா இருக்கவில்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கண் மருத்துவம் கற்று, கரிகிரியில் தொழுநோயால் இமை மூடாதவர்களின் பார்வையைக் காத்தார்.

கடைசியாக, அந்த அம்மா எவலின். கணவர் போன பிறகும் இந்தியாவுக்கே திரும்பினார். அறுபத்தெட்டு வயது வாக்கில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வெடுக்கவில்லை. மலைக்கே போய்விட்டார், சொந்தப் பொறுப்பில்! மட்டக்குதிரையின் மேலும், இடுப்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும், ஒரு மலை விட்டு இன்னொரு மலை என்று மருந்துப் பெட்டியோடு போனார். நரம்புச் சிலந்திக்கு எதிராகக் கணவர் தொடங்கிய வேலையையும் விடவில்லை. 1974-இல் 95 வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

நண்பர்களே, எல்லோரும் மலையேறிப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானே போகவில்லை, மாதத் தவணை கட்டும் ஆள் நான். நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் நான் ஊர் திரும்பவில்லை. அந்த ஊரிலேயே தங்கி, விடியற்காலையில் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். பெண்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மோட்டார் போடுகிறவரையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்துப் பேசினேன். பதினோரு மணி, ஐந்தரை மணி ஆனது. ஒரு செங்கல் புதிதாக வைக்கவில்லை. அதன் பிறகுதான் அந்தத் தொட்டி அந்த ஊர்த் தொட்டி ஆனது.

தம்பி தங்கைகளே, உங்கள் இறுதியாண்டுத் திட்டம் எதுவானாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் ஊரில் ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு வரைபடத்தைத் தொடங்குங்கள். அண்ணன்மார்களே, அக்காமார்களே, நாம் கையெழுத்துப் போட்டு முடித்த வேலை ஒன்றை இந்த வருஷம் ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். அடுத்த கூடுகையில் சந்திக்கும்போது, "எங்கே வேலை?" என்று கேட்பதோடு, "போய்ப் பார்த்தியா?" என்றும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

சாப்பாடு ஆறிவிட்டது என்று செயலாளர் அண்ணன் முறைக்கிறார்.