கம்பளி நூலும் கைவிரலும்

மாத்தளை நகரின் கடைத்தெருவிலே கம்பளிச் சட்டை அணிந்து நடப்பவரைக் காண்பது அரிது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் அமைந்த அந்நகரில் பகல் வெயில் சுடத்தான் செய்யும். ஆனால், உக்குவளையைக் கடந்து எல்கடுவை மலைக்கு ஏறுபவரும், இறத்தோட்டை வழியாக றிவஸ்டன் கணவாய்க்குச் செல்பவரும் வேறோர் உலகத்தைக் காண்பர். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் மார்கழி, தை மாதங்களில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால், லயத்து அறைக்குள்ளும் குளிர் புகுந்துவிடும். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், அங்கே கம்பளி பின்னுகின்ற தாய் முதலில் தன் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவளாகிறாள்.

கம்பளி என்னும் சொல்லே மலையகத்தில் ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். 1880ஆம் ஆண்டிலேதான் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. தோட்டத்தில் அவர்களுக்குக் குளிருக்கும் மழைக்கும் கொடுக்கப்பட்ட துணி கம்பளி. அதன் விலை சம்பளக் கணக்கிலே கழிக்கப்பட்டது. தமிழ்ச் சொல்லான அந்தக் கம்பளியைத் துரைமாரும் தம் கணக்கேடுகளில் அப்படியே எழுதிக்கொண்டனர். கொழுந்து பறிக்கும் பெண் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்ட அந்த முரட்டுத் துணி தறியிலே நெய்யப்பட்டது. வீட்டிலே ஊசிகொண்டு பின்னும் கலை வேறு வழியாக வந்தது.

நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும், தறி வேண்டும், தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகிறது. ஒரு கண்ணிக்குள்ளே அடுத்த கண்ணி புகுந்து நிற்கிறது. கண்ணிகள் வளைந்து கொடுப்பதால் துணி இழுபட்டு மீள்கிறது. அவற்றுக்கிடையே காற்று சிறைப்படுவதால் உடற்சூடு வெளியே ஓடாமல் நிற்கிறது. கற்பவள் அறிய வேண்டிய அடிப்படை அசைவுகள் இரண்டே: நூலை ஊசிக்குப் பின்னே வைத்து இழுப்பது ஒன்று, முன்னே வைத்து இழுப்பது மற்றொன்று. மற்றெல்லாம் இவ்விரண்டின் மாறுபாடுகளே.

இலங்கைப் பெண்களிடையே வீட்டுக் கைத்தொழிலை ஓர் இயக்கமாக வளர்த்தவர்களுள் வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் மறக்கத் தகாதவர். 1873இல் கனடாவிலே பிறந்து, இந்நாட்டுத் தமிழர் ஒருவரை மணந்து, 1930இல் லங்கா மகிளா சமித்தியை அவர் நிறுவினார். கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் 1897இல் தோன்றிய மாதர் மன்றங்களே அதற்கு முன்மாதிரி. சுகாதாரமும் குழந்தை வளர்ப்பும் தையலும் கைப்பணியும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. குழந்தைக்குச் சட்டை தைக்கக் கற்கவந்த பெண், குழந்தையை நோயின்றி வளர்க்கவும் அங்கே கற்றாள். 1958இல் அம்மையாருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது.

மாத்தளை மாவட்டத்திலேயே, அலுவிகாரையில், ஏனா டி சில்வா அம்மையார் 1980களில் தொடங்கிய கைப்பணிக் கூடத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே வளர்ந்தவை பற்றிக் துணியும் எம்பிராய்டரியும்; கம்பளிப் பின்னல் அன்று. ஆயினும் கிராமத்துப் பெண்ணின் விரல் வேலைக்குச் சந்தையிலே ஒரு மதிப்பு உண்டு என்பதை அக்கூடம் காட்டியது. அம்மையார் 2015இல் காலமானார்.

மதிப்பு என்றதும் ஒரு கணக்குப் பார்ப்பது நன்று. 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணியும், அதே அளவு உயரத்தில் 30 வரிசையும் அமையும் நூலைக்கொண்டு ஒரு சிறு பிள்ளைக்குக் கைச்சட்டை பின்னுவதாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்று 60, நீளம் 35 சென்ரிமீற்றர். இரு கைகளும் சேர்ந்தால் கண்ணிகளின் தொகை ஏறத்தாழ 21,000 ஆகிறது. நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் தேர்ந்த கைக்கே 17 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். தையலும் தவறுகளை அவிழ்ப்பதும் இதில் அடங்கா. நூலின் விலையோடு சில ரூபாவைச் சேர்த்துக் கொடுத்து, “வீட்டிலே சும்மா இருந்து பின்னியதுதானே” என்று சொல்லும் அயலவர் இக்கணக்கை அறிவாரா? தன் பேரப்பிள்ளைக்குப் பின்னும் பாட்டி கூலி கேட்பதில்லை. அது அவள் உவந்து கொடுப்பது. விற்பதற்காகப் பின்னுகிறவளின் மணித்தியாலங்களும் அதுபோல இலவசம் என்று கொள்வதுதான் அநீதி.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவர்கள் மாதிரித் துண்டு பின்னாமலே சட்டையைத் தொடங்கிவிடுவர். மேற்சொன்ன சட்டைக்குச் சுற்றளவில் 132 கண்ணிகள் வேண்டும். பின்னுகிறவளின் கை சற்றுத் தளர்வாகி, 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணியே வந்தால், அதே 132 கண்ணி 66 சென்ரிமீற்றர் ஆகிவிடும். தம்பிக்குத் தொடங்கிய சட்டை அண்ணனுக்கு ஆகும்! பழைய ஆங்கிலப் பின்னற் புத்தகங்களை வைத்திருப்போர்க்கு இன்னுமொரு பொறி உண்டு. அவற்றிலே ஊசியின் இலக்கம் கூடக்கூடப் பருமன் குறையும். 8ஆம் இலக்கம் என்பது 4 மில்லிமீற்றர். 10ஆம் இலக்கம் 3.25 மில்லிமீற்றர். இன்று கடையில் மில்லிமீற்றர் அளவிலே விற்கும் ஊசியை அந்த இலக்கத்தோடு குழப்பிக்கொண்டால், குல்லாய்க்குப் பதிலாக மீன்வலைதான் கிடைக்கும்.

குழந்தை பிறக்கப்போகும் வீட்டிலே இந்தக் கலை வெறும் பொழுதுபோக்காக நிற்பதில்லை. பிறந்த சிசுவின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஈரத்தலையின் வழியே சூடு விரைவாக வெளியேறுகிறது. சிசுவின் உடற்சூடு 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நிறை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தொடும்படி அணைத்து வைக்கும் முறை 1978இல் கொலம்பியா நாட்டுப் பொகோத்தா நகரிலே தோன்றியது. அம்முறையிலும் குழந்தைக்கு அணிவிக்கப்படுவன அரைத்துணியும் காலுறையும் ஒரு சிறு குல்லாயுமே. மாலை ஒன்றிலே பின்னி முடிக்கக்கூடிய அக்குல்லாய், மலைத்தோட்டத்துக் குளிரில் ஓர் உயிர்க்குக் காவலாகிறது. அதே குல்லாயை மாத்தளை நகரின் வெப்பத்தில், நிறைமாதத்திலே பிறந்து வீடு வந்த குழந்தைக்கு நாள் முழுதும் அணிவித்து வேர்க்க வைப்பது தவறு. அங்கே மெல்லிய பருத்தி நூலே உகந்தது.

பின்னிய ஆடையைப் பெட்டியிலே வைப்பவர்கள் பூச்சிக்கு அஞ்சி நப்தலீன் உருண்டைகளைப் போடுவது வழக்கம். குழந்தையின் துணியோடு அவற்றைச் சேர்க்கலாகாது. சில குழந்தைகளின் குருதியிலே பிறவியாகவே ஒரு நொதிக் குறைபாடு உண்டு. நப்தலீனின் ஆவி அவர்களுடைய செவ்வணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட் காமாலையை உண்டாக்கும். பாட்டி அன்போடு காத்துவைத்த சட்டையே பேரனுக்கு நஞ்சாக வேண்டுமா? நன்றாகத் துவைத்து, வெயிலிலே காயவைத்து, மூடிய பையில் இட்டு வைத்தாலே போதும். துவைக்கும்போதும் வெந்நீரும் கல்லில் அடிப்பதும் வேண்டா. கம்பளி சுருங்கித் தடித்துவிடும். முறுக்காமல் பிழிந்து, விரித்துப் போட்டு உலர்த்துக.

அண்ணனுக்குச் சிறிதாகிவிட்ட சட்டையை எறிய வேண்டியதில்லை. தையலைப் பிரித்து, நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால், சட்டை முழுவதும் நூலாகத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. சுருண்ட நூலைக் கதிரையின் முதுகிலே சுற்றிக் கட்டி, நனைத்து, அடியிலே சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் அது நேராகிவிடும். ஒரு பிள்ளை இழுக்க, மற்றொரு பிள்ளை சுற்ற, நூல் உருண்டை வளரும். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர், பெரு நாட்டின் தித்திகாக்கா ஏரியில் உள்ள தக்கீலே தீவைப் பற்றிக் கேட்டறிவாராக. அங்கே குல்லாய் பின்னுகிறவர்கள் ஆண்களே. சிறுவயதிலேயே அவர்கள் அதைக் கற்கின்றனர்.

மிஞ்சிய துண்டு நூல்களெல்லாம் முயலாகவும் யானையாகவும் மாறும். பொம்மைக்குச் சட்டையைவிட மெல்லிய ஊசியால் நெருக்கமாகப் பின்ன வேண்டும். இல்லையேல் உள்ளே திணித்தது வெளியே எட்டிப்பார்க்கும். திணிப்பதற்கு இலவம்பஞ்சு மென்மையானது. கிளி காத்திருந்து ஏமாந்த அந்தக் காய், குழந்தையை ஏமாற்றுவதில்லை. ஆனால் அது நனைந்தால் கட்டிபட்டுவிடும். நெருப்பை விரைவிலே பற்றிக்கொள்ளும். ஆதலால் அடிக்கடி துவைக்க வேண்டிய பொம்மைக்குப் பழைய பருத்தித் துணித் துண்டுகளே மேல். கண்ணுக்குப் பொத்தான் தைப்பதுதான் பெருந்தவறு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை அதைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும். தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். கறுப்பு நூலாலே இரண்டு புள்ளி தைத்தால் போதும், முயல் பார்க்கும். கழுத்திலே நாடா வேண்டா. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் படுக்கையில் பொம்மையை வைக்கவும் வேண்டா. விழித்திருக்கும்போது கையிலே கொடுக்கலாம். அது முதலில் செய்யப்போவது, முயலின் காதை வாயில் வைத்துச் சுவைப்பதுதான். ஆகவே காதை மட்டும் இருமுறை இறுக்கித் தைத்துவிடுக.