சித்திரமும் உண்மையும்



சித்திரம் என்றால் அது அரண்மனைக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நாம் இன்று சொல்லப் போவது ஒரு கரித்துண்டைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு கிழவியின் முகத்தைப் பற்றியேயாகும்.

ஜெர்மனியில் நூரம்பெர்க் பட்டணத்தில் ஆல்பிரெக்ட் டியூரர் என்ற சித்திரக்காரர் இருந்தார். தட்டாரின் மகன். அவர் 1514-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், 63 வயதான தம் தாயார் பார்பராவின் தலையைக் கரியினால் எழுதினார். அந்தப் படம் இன்றும் பெர்லின் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது.

அதில் நாம் காண்பதென்ன? நெற்றியெல்லாம் மடிப்பு மடிப்பாய்ச் சுருக்கம். கன்னம் ஒட்டி எலும்பு துருத்தி நிற்கிறது. கழுத்து நரம்பு கயிறு போல் புடைத்திருக்கிறது. உதடு இறுக மூடியிருக்கிறது. கண்ணிரண்டும் ஒரே திக்கைப் பார்க்கவில்லை. மகன் ஒன்றையாவது மறைத்தாரா? இல்லை.

அந்த அம்மாள் பெற்றது 18 பிள்ளைகள். வளர்ந்து ஆளானது மூன்றே பேர். பிளேக்கு, வறுமை, பிறர் ஏளனம் எல்லாம் பட்டவர் என்று மகனே எழுதி வைத்திருக்கிறார். படம் எழுதிய இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். அந்தச் சேதியையும் அதே காகிதத்தில் மையினால் குறித்து வைத்தார்.

டியூரருக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடத் தெரியாதா? மேரியம்மாள் படங்கள் எத்தனையோ எழுதியவர், கடவுள் நம்பிக்கையுள்ளவருங்கூட. ஆனால் பெற்றவள் முகம் என்று வந்தபோது கண்ணால் கண்டதையே எழுதினார். தாயைத் தெய்வம் என்று சொல்லிவிட்டுச் சும்மாயிருப்பது சுலபம். 18 பிரசவம் ஒரு உடம்பை என்ன செய்யும் என்று உற்றுப் பார்ப்பதுதான் கஷ்டம்.

நிற்க, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் சபையைச் சேர்ந்த பிரபுக்களையும் சீமாட்டிகளையும் ஹோல்பைன் என்பவர் வர்ணச் சுண்ணத்துண்டுகளால் எழுதினார். சுமார் 80 படங்கள் அரச குடும்பத்தின் சேகரத்தில் இருக்கின்றன. அவற்றில் வேடிக்கை என்னவென்றால், உடுப்பின் துணியும் நிறமும் இன்னதென்று பல படங்களில் வெறும் வார்த்தையால் குறித்துக் கொண்டு, முகத்தில்தான் தம் கவனத்தையெல்லாம் வைத்தார். ஏன்? பட்டையும் நகையையும் பிறகு எழுதிக் கொள்ளலாம். முகத்தை, ஆள் எதிரில் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். ஆகவே பிரபுவின் பட்டு குறிப்பாய் நின்றது. மனிதனின் முகமே படமாயிற்று.

தோழர்களே! வர்ணமும் நகையும் கிரீடமும் இல்லாத இடத்தில் நம் கண் ஓடி ஒளிய வழியில்லை. அதுதான் இந்தப் படங்களின் பலம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயார் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒருதரம் நன்றாய்ப் பாருங்கள். கும்பிட வேண்டாம், பார்த்தால் போதும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது இன்னதென்று உங்கள் புத்தியே சொல்லும்.