கடலுக்குள் இமயம்

பாட்னாவிலோ கான்பூரிலோ வீடு கட்ட நிலம் தோண்டிய நம்மவர் ஒன்றைக் கவனித்திருப்பர். எத்தனை ஆழம் சென்றாலும் மண்வெட்டியில் பாறை தட்டுப்படுவதில்லை. மணலும் வண்டலுமே வருகின்றன. அவ்வண்டலிற் பெரும்பகுதி ஒரு காலத்தில் இமயமாக நின்ற பொருள்.

இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதலால் மலை உயர்ந்தது. மலையின் பாரத்தால் அதன் முன்னுள்ள நிலம் வளைந்து தாழ்ந்தது. அப்பள்ளம் தூர்ந்ததே கங்கைச் சமவெளி. பள்ளம் கொள்ளாத மண் கடலை நாடிற்று. மலை உயர உயரச் சரிவு செங்குத்தாகிறது. ஆறு விசைகொண்டு அறுக்கிறது. வளரும் மலையே மிகுதியாகத் தேய்கிறது என்பது விந்தையன்றோ? இன்றும் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன.

இம்மண் முழுவதும் முகத்துவாரத்தில் தங்கிவிடுவதில்லை. அங்கே கடலடியில் ஒரு பெரும்பள்ளத்தாக்கு உண்டு. ஆழம் பார்க்கும் கயிற்றுக்கு எட்டாமையால் அக்கால மாலுமிகள் அதனைத் தரையில்லாத இடம் என்றே அழைத்தனர். அதன் வழியே சேறு கலந்த கனத்த நீர், கடலுக்குள் ஓர் ஆறுபோலப் பாய்கிறது. இத்தகைய கலங்கல் ஓட்டத்தின் வலிமையை உலகம் அறிந்தது வேறொரு கடலில். 1929 நவம்பர் 18-ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் நேர்ந்தது. அதன்பின் கடலடித் தந்திக் கம்பிகள், மேட்டிலிருந்து ஆழம் நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி நேரத்துக்குப் பின். கம்பிகளை அறுத்துச் சென்றது சேற்றுவெள்ளமே என்று ஹீசன், யூயிங் என்னும் இருவர் 1952-இல் விளக்கினர்.

வங்கக்கடலில் அவ்வாறு பரவிய படிவு சுமார் 3,000 கிலோமீட்டர் நீண்டு, இலங்கையைக் கடந்து, நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே செல்கிறது. அறிஞர் இதற்கு விசிறி என்று பெயரிட்டனர். இவ்வளவு பெரிய விசிறியை எந்தக் கை வீசுமோ! ஆயினும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் வேறு பொருத்தமான சொல் அகப்படவில்லை.

இப்படிவின் மதிப்பு அதன் பரப்பில் இல்லை. மலையின் பழைய முகடுகள் என்றோ கரைந்து போயின. ஆதலின் இமயத்தின் இளமை வரலாற்றை இமயத்தில் முழுமையாகப் படிக்க இயலாது. முதலிற் கரைந்த உச்சி கடலில் அடியிற் கிடக்கிறது. பின்னர்க் கரைந்த உட்பாறை அதன் மேற்கிடக்கிறது. மலை தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது எனலாம்.

1987-இல் துளையிடும் கப்பல் ஒன்று, இலங்கைக்குத் தெற்கே, 4 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் மாதிரிகள் எடுத்தது. கங்கை முகத்துவாரத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அவ்விடத்தில், 1 கோடியே 70 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட அடுக்கிலும் இமயத்து அபிரகம் இருந்தது. அபிரகம் பூமியின் ஆழத்தில் வெப்பமாய் இருந்து, மேலெழும்போது குளிர்கிறது. குளிர்ந்த காலத்தை அதனுள் ஆய்ந்து கணிக்கலாம். சில துகள்கள் குளிர்ந்த காலமும் கடலிற் படிந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அப்படியாயின் அன்றே மலை விரைந்து உயர்ந்து, விரைந்து அறுபட்டது என்றன்றோ ஆகிறது!

ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. 2016-இல் சுமத்திராவின் அருகே துளையிட்டபோது, சுமார் 95 லட்சம் ஆண்டுக்கு முன் வண்டல் வரவு திடீரெனப் பெருகியதற்குச் சான்று கிடைத்தது. காரணம் மலையின் உயர்வா, பருவமழையின் மாற்றமா, ஆறுகள் தடம் மாறியதா? மலையே மழையைத் தடுத்துப் பொழிவிப்பதால் இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. மழையை மறந்து மலையை மட்டும் கூறும் விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

தொடக்க ஏடுகளுட் பல வங்கக்கடலின் வடகோடியில் இருத்தல் கூடும். அங்கே படிவின் கனம் 16 கிலோமீட்டர் என மதிப்பிடுகின்றனர். சோவியத் நாட்டின் கோலாவில் 1989-இல் எட்டிய துளையே மனிதன் நேர்கீழாகச் சென்ற மிகப்பெரும் ஆழம். அதுவும் 12,262 மீட்டரோடு நின்றது.