விருப்பமும் வரம்பும்: கல்லூரிப் பட்டியல் அமைக்கும் முறை

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பகவானின் ஜெயந்தி பங்குனி, சித்திரையை ஒட்டி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவு வெளிவருவதற்கு இடைப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. இவ்வாண்டும் இவ்வவையில் அமர்ந்திருக்கும் இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா உலவுகிறது: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? அவ்வினாவை அச்சமின்றி எண்ணிப் பார்க்க இதனினும் ஏற்ற நாள் இல்லை.

கல்வி சமணர்க்குப் புதிதன்று. துறவியர் தங்கிய இடத்துக்குப் பெயராக இருந்த ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கிறது. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைத்தார். எவரிடம் கற்பது, எவர்க்குக் கற்பிப்பது என்னும் தேர்வு, கல்வியின் முதற்படி என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று அத்தேர்வு ஒரு பட்டியலின் வடிவில் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் வந்து சேர்கிறது.

வந்தவாசிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலத்தில் பயிர் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மகள் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 பெற்றிருக்கிறாள். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணித மதிப்பெண் முழுமையாகவும், மற்ற இரண்டும் பாதியாகவும் கொள்ளப்படும். ஆகவே 200க்கு அவள் பெறுவது 92, 44, 42 சேர்ந்து 178. சென்னையில் பணிபுரியும் தாய்மாமன் எட்டுக் கல்லூரிகளை எழுதித் தருகிறார். எட்டும் பெயர் பெற்றவை. எட்டிலும் கணினிப் பிரிவு. அப்பட்டியலே பதிவாகிறது. ஒதுக்கீட்டு நாளில் அவளுக்கு எந்த இடமும் வரவில்லை. மறுவாரம் இடைத்தரகர் ஒருவர் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் பேசுகிறார். தந்தை நிலப்பத்திரத்தை எடுத்து வைக்கிறார். மகளோ தன்னால்தான் நிலம் போகிறது என்று உணவை வெறுக்கிறாள்.

இங்குப் பிழை மதிப்பெண்ணில் இல்லை; பட்டியலில் இருக்கிறது. எட்டுப் பெயர்களும் ஒரே உயரத்தில் நின்றன. மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இல்லாத ஏணியில் எவரும் ஏற இயலாது.

சமச்சீரான பட்டியலுக்கு மூன்று வரிசைகள் வேண்டும். முதல் வரிசையில், முயன்றால் கிடைக்கலாம் என்னும் இடங்கள். நடு வரிசையில், பெற்ற தரத்துக்குப் பொருந்துபவை. கடை வரிசையில், ஐயமின்றிக் கிடைக்கக்கூடியவை. இவற்றுள் குடும்பங்கள் மிகுந்த நேரம் செலவிடுவது முதல் வரிசைக்கு. மிகுந்த கவனம் வேண்டுவதோ கடை வரிசைக்கு. அதிலுள்ள ஒவ்வொரு பெயரும், ‘இது கிடைத்தாலும் மகிழ்ந்து சேர்வேன்’ என்று பிள்ளை மனமாரச் சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். சேர விருப்பமில்லாத கல்லூரியைப் பாதுகாப்புக்கென்று எழுதுதல் பாதுகாப்பன்று. அது பின்னாளில் வரவிருக்கும் வருத்தத்துக்கு இன்றே போடும் கையொப்பம்.

அடுத்தது, எவ்வரிசையில் எழுதுவது என்னும் வினா. பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நிகழும் முறையை அறிந்தால் இதற்கு விடை எளிது. தரவரிசைப்படி மாணவர் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளப்படுவர். ஒருவரின் முறை வரும்போது, அவர் எழுதிய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். அவருக்குரிய பிரிவில் இடம் எஞ்சியிருக்கும் முதற் பெயர் அவருக்கு ஒதுக்கப்படும். ஆகவே, கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் கீழுள்ள வாய்ப்புக்கு இழப்பில்லை. ஆனால், எளிதில் கிடைப்பதை அச்சத்தால் மேலே எழுதிவிட்டால், அதற்குக் கீழே எழுதிய விருப்பமான கல்லூரி எட்டாமலே போகும். எனவே வரிசையை விருப்பம் அமைக்கட்டும். நீளத்தை எச்சரிக்கை அமைக்கட்டும். இக்கலந்தாய்வில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் பங்கேற்கின்றன. பெயர்களைக் கூட்டி எழுதுவதற்குத் தனிக் கட்டணம் ஏதுமில்லை. எட்டோடு நிறுத்தவேண்டிய தேவை எவர்க்கும் இல்லை.

தனித்தனியே விண்ணப்பம் பெறும் கல்லூரிகளின் நிலை வேறு. அங்கு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணமும் உழைப்பும் உண்டு. அங்கே எண்ணிக்கையை அளவோடு வைத்து, மூன்று வரிசைக்கும் பகிர்ந்தளித்தலே அறிவுடைமை.

எது எவ்வரிசையில் அடங்கும் என்பதை அறிவது எவ்வாறு? ‘சென்ற ஆண்டு இத்தனை மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது’ என்னும் பேச்சே எங்கும் கேட்கிறது. வினாத்தாள் எளிதாகும் ஆண்டில் பலரின் மதிப்பெண் உயரும். கடினமாகும் ஆண்டில் தாழும். ஆதலால் மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணே நம்பத் தகுந்த அளவுகோல். ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில், தத்தம் சமூகப் பிரிவுக்குரிய கடைசி இடம் எந்தத் தரவரிசையில் நிறைந்தது என்பதை மூன்று ஆண்டுகளுக்கேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கணினிப் பிரிவு போன்றவை 200க்கு மிக அருகிலேயே நிறைந்துவிடுகின்றன. அதே கல்லூரியின் வேறு பிரிவுகள் அதற்குப் பின்னரும் கிடைக்கின்றன. கல்லூரியை மாற்றாமல் பாடத்தை மாற்றுதல், பாடத்தை மாற்றாமல் கல்லூரியை மாற்றுதல் என இரு வழிகள் உண்டு. இவ்விரண்டில் எது தனக்கு உகந்தது என்பதைப் பிள்ளையே முடிவு செய்தல் வேண்டும்.

ஒத்த பெயருடைய கல்லூரிகள் பல இருப்பதால், பெயரை மட்டும் நம்பாது கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணையும் சரிபார்த்தல் நன்று. விளம்பரத் தாளில் காணும் தரச்சான்று முழுக் கல்லூரிக்கு உரியதா, சேரவிருக்கும் பாடப்பிரிவுக்கு உரியதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நாக் என்பது நிறுவனத்துக்கு வழங்கப்படுவது, என்.பி.ஏ. என்பது பாடப்பிரிவுக்கு வழங்கப்படுவது.

இனி, வரம்பைப் பற்றி ஒரு சொல். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. தேவைக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளுதல் அதன் உட்பொருள். கல்லூரிப் பட்டியலுக்கும் இது பொருந்தும். பட்டியலை எழுதும் முன்பே, ஆண்டுக்கு எவ்வளவு செலவிட இயலும் என்பதைக் குடும்பம் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். கல்விக் கட்டணம் மட்டும் செலவன்று. விடுதி, உணவு, பேருந்து, நூல்கள், மடிக்கணினி ஆகியவற்றையும் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிடுக. அவ்வெல்லையைக் கடக்கும் கல்லூரி, எத்துணைப் புகழுடையதாயினும், பட்டியலில் இடம்பெறுதல் கூடாது. முன்கூட்டி எழுதப்பெற்ற எல்லை, இடைத்தரகரின் அழைப்பு வரும் நாளில் குடும்பத்தைக் காக்கும்.

விரதம் காக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. சூரியன் மறைந்த பின் உண்ணாத பிள்ளைக்கு, இரவு ஏழரை மணிக்கு உணவு வழங்கும் விடுதியில் நான்காண்டு வாழ்வு எளிதன்று. மாலையிலேயே உணவு பெற வழியுண்டா, சைவ உணவுக்குத் தனிச் சமையல் உண்டா, அருகில் உறவினர் இல்லம் உண்டா என்பதை நேரில் சென்று கேட்டறிதல் வேண்டும். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கேளாமல் சேர்த்து, முதற் பருவத்திலேயே பிள்ளை விரதத்துக்கும் பசிக்கும் இடையே தனித்து நிற்பதுதான் வருந்தத்தக்கது.

ஒரே வாயிலை நம்பி நிற்றலும் தவறு. பொருளைப் பல நோக்கில் காண்க என்பது அநேகாந்தம். பொறியியல் மட்டுமே கல்வியன்று. செய்யாற்றிலும் திருவண்ணாமலையிலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளது. உழவுக் குடியில் பிறந்த பிள்ளைக்கு மண்ணைக் கற்பது இழிவன்று. ஆயின் ஒன்றை நினைவில் கொள்க: இவ்வாயில்கள் எல்லாம் ஒரே நாளில் திறந்து ஒரே நாளில் மூடுவன அல்ல. பொறியியல் கலந்தாய்வு முடிவதற்குள் பல கலைக் கல்லூரிகளில் வகுப்பே தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொன்றின் கடைசி நாளையும் நாட்காட்டியில் குறித்து, காலத்தே விண்ணப்பித்தல் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி எனில் அதற்குரிய சான்று ஆகியவற்றை இப்போதே பெற்று வைத்தல் நன்று. 2014ஆம் ஆண்டில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றமையால், அதற்குரிய சான்றையும் உடன் வைத்திருத்தல் பயன் தரும்.

முன்னர்க் கூறிய குடும்பம் இதே ஜெயந்தி மாதத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? தந்தை மகளிடம், ‘உனக்கு எதம்மா படிக்கப் பிடிக்கும்?’ என்று கேட்டிருப்பார். ‘கணக்குதான் அப்பா பிடிக்கும், கணினி எனக்கு ஆசையில்லை, மாமா சொன்னாரே என்று எழுதினேன்’ என்று அவள் சொல்லியிருக்கக்கூடும். பட்டியலில் எட்டுக்குப் பதில் நாற்பது பெயர்கள் இருந்திருக்கும். செய்யாற்று அரசுக் கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் சென்றிருக்கும். அப்பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வந்திராது. எட்டுப் பெயர்களுக்கும் நாற்பது பெயர்களுக்கும் இடையே இருந்தது மதிப்பெண் அன்று; கேட்கப்படாத ஒரு கேள்வி.

நாலடியார் தோன்றிய வரலாற்றை இவ்வவை அறியும். வைகையில் இடப்பட்ட ஏடுகளுள் வெள்ளத்தோடு போனவை போக, எதிர்த்து நின்றவையே நூலாயின என்பது வழிவழிச் செய்தி. ஊரார் பேச்சு என்னும் வெள்ளம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல்லூரியையும் ஒரு பாடத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. அதை எதிர்த்து நிற்கும் விருப்பம் பிள்ளையின் நெஞ்சில் இருந்தால், அதுவே பட்டியலின் முதல் வரியாதல் தகும்.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூல் அச்சிட்டு வழங்குவது மட்டுமே அத்தானம் ஆகாது. கலந்தாய்வைக் கடந்து வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இச்சமூகத்தில் பலர் உள்ளனர். தேர்வு முடிவு வெளிவந்த முதல் ஞாயிறன்று, ஊர்தோறும் ஜினாலய மண்டபத்தில் இருவர் அமர்ந்து, வரும் பிள்ளைகளின் பட்டியலைப் படித்துப் பார்த்து, ‘இதில் கடை வரிசை எங்கே?’ என்று கேட்டால் போதும். அக்கேள்வி ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கலாம். ஒரு பிள்ளையின் ஓராண்டைக் காக்கலாம்.

நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் எல்லார்க்கும் வாய்க்க அருகன் அருள்வானாக.