ஒப்புக்குச் சப்பாணி

தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். சின்னத் தம்பியோ தங்கையோ தானும் வருவேன் என்று அழுதால், "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு ஓடும். ஆனால் அது யாரைத் தொட்டாலும் கணக்கில்லை. அதை யார் தொட்டாலும் கணக்கில்லை. சப்பாணி என்றால் நடக்க முடியாதவர் என்று பொருள். ஆட்டத்தில் பேருக்கு மட்டும் இருப்பவரைக் குறிக்க, கால் ஊனமுற்றவரின் பெயரையே நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை.

இன்று பிள்ளைகளின் திடல் பெரும்பாலும் கைப்பேசித் திரைக்குள் போய்விட்டது. அது நல்லதா கெட்டதா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். அங்கே ஓட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை. அப்படியானால் உடற்பேறு குறைந்த பிள்ளையும் சரிசமமாக ஆடலாம் அல்லவா? ஆட முடிவதில்லை என்பதே உண்மை.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பிறவியிலேயே கைகள் அவன் சொல்படி கேட்பதில்லை. நண்பர்கள் கைப்பேசியில் விளையாடுகையில் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று, "இடப்பக்கம் போ, அங்கே ஆள் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் சொன்னதே பலமுறை சரியாக இருக்கும். அவன் தாயாரிடம் இதைச் சொன்னேன். "அவனால ஆகாது டீச்சர். பார்த்துக்கிட்டு இருக்கட்டும், அது போதும்" என்றார். பிள்ளை மனம் நொந்துவிடக் கூடாதே என்ற பாசத்தில் வந்த பேச்சு அது. ஆயினும் எது ஆகாது என்று நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆட்டம் அவனுக்குத் தெரியும். அதை ஆக்கியவர்கள், ஆடுகிறவருக்கு விரைந்து ஓடும் இரண்டு கட்டைவிரல்கள் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். தடை அந்த எண்ணத்தில் இருக்கிறது.

பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். மலாய்க்காரர்கள் சோங்காக் என்பார்கள். குழியும் முத்தும் கைக்குத் தட்டுப்படுவதால், கண் தெரியாதவரும் தடவி எண்ணி ஆடலாம். விடியோ விளையாட்டையும் அப்படி ஆக்க முடியுமா?

முடியும் என்பதற்குப் பழைய சான்றே உண்டு. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1989ஆம் ஆண்டில் கைகளே வேண்டாத ஒரு கருவியை வெளியிட்டது. அதை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குச்சியை முகவாயால் தள்ளித் திசை காட்டலாம். ஒரு குழாயில் ஊதினாலும் உறிஞ்சினாலும் பொத்தானை அழுத்திய பயன் கிடைக்கும். 2018இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட கருவியில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பெரிய பொத்தான்கள் இருக்கின்றன. அதன் பின்புறத்தில் 19 துளைகள். காலால் மிதிக்கும் கட்டையையோ, முழங்கையால் தட்டும் பொத்தானையோ, அவரவருக்கு எந்த உறுப்பு ஒத்துழைக்கிறதோ அதற்கேற்றதை அவற்றில் செருகிக்கொள்ளலாம். அது வரும் அட்டைப் பெட்டியைக் கூடப் பல்லால் கடித்துத் திறக்கும் அவதி வேண்டாம் என்று, இழுத்தால் திறக்கும் வளையங்களோடு செய்தார்கள். யாரோ ஒருவர் உடற்பேறு குறைந்தோரின் அருகிலிருந்து அவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறார்!

வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் 400 வெள்ளிக்கு மேல். செருகும் பொத்தான்களுக்குத் தனிச் செலவு. தோட்டச் சம்பளத்தில் இது பெருந்தொகைதான். எனவே கருவியைவிட, ஆட்டத்துக்குள்ளேயே செய்யப்படும் மாற்றங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். அவற்றுக்குத் தனி விலை இல்லை.

2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற ஆட்டத்தில் ஒரு பெண் மலையேறுகிறாள். அது மிகக் கடினமான ஆட்டம். ஆனால் விரல் மெதுவாக இயங்குகிறவர்கள் அதன் வேகத்தைப் பாதி வரை குறைத்துக்கொள்ளலாம். மலை அதே மலை, தாண்ட வேண்டிய பள்ளமும் அதே பள்ளம். ஏறுவது அவர்களேதான், ஒப்புக்குச் சப்பாணி இல்லை. 2020இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் இத்தகைய வசதிகள் 60க்கும் மேல் இருந்தன. போகும் வழியை ஒரு பொத்தான் காட்டும். எதிரி இருக்கும் பக்கத்தை ஒலி சொல்லும். கண்பார்வை அறவே இல்லாதவர்களும் அதை முடித்திருக்கிறார்கள். வன்முறை மிகுந்த, பெரியவர்களுக்கான ஆட்டம் அது; பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். செய்ய முடியும் என்பதற்காகவே சொன்னேன்.

சிறிய மாற்றங்களும் உண்டு. பேசுவதை எழுத்தில் காட்டினால் காது கேளாத பிள்ளைக்குக் கதை புரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். இக்குறை பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. நம் அணி சிவப்பு, எதிரணி பச்சை என்பதோடு நிறுத்தாமல், ஒன்றுக்கு வட்டமும் மற்றதற்குச் சதுரமும் போட்டால் போதும்.

"பிழைப்பே பெரும்பாடு, இதில் விளையாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறுவதை அவர்களின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஆட்டத்தில் சேராத பிள்ளைக்கு மறுநாள் பள்ளியில் பேச என்ன இருக்கிறது?

வீட்டில் கைப்பேசி இருந்தால் அதன் அமைப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். 'அக்செஸிபிலிட்டி' என்றோ, மலாயில் 'கெபோலேஹாக்செசான்' என்றோ ஒரு பிரிவு இருக்கும். நிறத்தைத் திருத்தவும், விரலை எவ்வளவு நேரம் வைத்தால் அழுத்தியதாகக் கொள்ள வேண்டும் என்று மாற்றவும் அங்கே வழி உண்டு. எல்லா ஆட்டங்களும் இவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். கைப்பேசி வழுக்காமலிருக்க மேசையில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தட்டை வைத்து அதில் நிறுத்தினால், ஒரு கை மட்டும் இயங்கும் பிள்ளைக்கும் தோதாக இருக்கும். அரசாங்க மருத்துவமனைகளிலும் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்களிலும் இதைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த விரல் தன் பேச்சைக் கேட்கிறது என்று பிள்ளையே காட்டும்.